நாலு குருவி, மூணு குருவி

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு, நிதானமா உட்கார்ந்து படிங்க. பாதியில நிறுத்திட்டு என்னைத் திட்ட வேண்டாம். முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

இந்த வருஷம் கொடியேற்றத்தன்னிக்குக் காலையில வாசல்ல நடந்தது பல பேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முதல் நாள் ராத்திரி நம்ம பையன்கள் ஏழெட்டுப் பேர் விடிய விடிய உட்கார்ந்து குருத்தோலைத் தோரணம் கட்டினாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல. ஃபோன்ல ஒரு வீடியோவைப் பார்த்து அவங்களாவே கத்துக்கிட்டாங்க. காலையில அஞ்சரை மணிக்கு நான் வந்தப்போ வாசல் முழுக்கத் தோரணம். மனசு நெறைஞ்சு போச்சு. பிளாஸ்டிக் இல்லாம உண்மையான ஓலையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு!

ஆறு மணிக்கு நம்ம தோட்டத்துப் பாட்டி வந்தாங்க. எண்பதைத் தாண்டினவங்க, பேரனைப் பிடிச்சிக்கிட்டு மெதுவா நடந்து வருவாங்களே, அவங்கதான். வாசல்ல நின்னு மேல பார்த்தாங்க. உள்ள வரல. பேரன் கூப்பிட்டும் வரல. நான் ஓடிப்போய் "என்ன பாட்டி, காலு வலிக்குதா?" என்று கேட்டேன். அவங்க என் முகத்தைப் பார்த்து மெல்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"யாரு வீட்டு சாவுடா இது?"

அப்புறம்தான் நான் அண்ணாந்து பார்த்தேன். எங்க தோட்டத்துப் பழக்கத்துல நல்ல காரியத்துக்குக் கட்டுற தோரணத்துல நாலு குருவி இருக்கும், தலை மேல பார்த்து நிக்கும். ஓலையைக் கிழிச்சு மடிச்சுச் செருகுறப்போ பறவைத் தலை மாதிரி வருதே, அதைத்தான் குருவின்னு சொல்றோம். சாவு வீட்டுக்குக் கட்டுறதுல மூணு குருவி, கீழே பார்க்கும். வாசல் முழுக்கத் தொங்கினது மூணு குருவி. அத்தனையும் தலைகீழ்.

பையன்களைக் கேட்டேன். "ஓலை குட்டையா இருந்துச்சுண்ணே, நாலு மடிப்பு வரல, மூணோட விட்டுட்டோம். கயித்துல சொருவ இந்தப் பக்கம்தான் வசதியா இருந்துச்சு" என்றான் ஒருத்தன். அவன் கண்ணு தூக்கமில்லாம செவந்து கிடந்துச்சு. அவனை நான் என்னன்னு திட்டுறது? குருக்கள் வருவதற்குள் ஏணி வெச்சு எல்லாத்தையும் அவிழ்த்தோம். மாவிலையை மட்டும் கட்டிக் கொடியேத்தினோம். பாட்டி கடைசி வரைக்கும் அழுதுக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பையன்கள்ல ரெண்டு பேர் அதுக்கப்புறம் கோயில் பக்கமே வரல. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அடுத்து நடந்ததைப் பத்தித்தான் நான் எழுத வந்தேன். திருவிழா முடிஞ்சு கணக்குப் பார்க்கிற கூட்டத்துல இந்த விஷயம் வந்துச்சு. ஐந்தே நிமிஷத்துல முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த வருஷத்திலிருந்து பிளாஸ்டிக் தோரணம். ஷாப்பியில ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துடும், மழைக்கும் தாங்கும், சுருட்டி வெச்சா அஞ்சு வருஷம் ஓடும், தப்பும் வராது. எல்லாரும் தலையாட்டினாங்க. நானும்தான் பேசாம உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வரல.

செயலவையில இருக்கிறவங்க எல்லாம் நல்லவங்க, என் கூடப் பிறக்காத அண்ணன் தம்பிங்க. ஆனா இந்த முடிவு தப்புன்னு நெனைக்கிறேன். பையன்கள் செஞ்ச தப்பு, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால வந்தது. ஆள் இல்லேன்னா ஆளைத் தேடணும். நாம பொருளையே மாத்திட்டோம். பிளாஸ்டிக் தோரணத்துல தப்பு வராதுங்கறது உண்மைதான். சரியும் வராது. அதுல எத்தனை குருவின்னு தொழிற்சாலைக்காரனுக்கு என்ன தெரியும்?

இந்த இடத்துல என் தப்பையும் சொல்லிடறேன். நம்ம தாமானுக்குப் பின்னால ரெண்டாவது லோரோங்ல ஒரு தாத்தா இருந்தார். தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்தைக் காலி பண்ணிட்டு எல்லாரும் இங்க வந்தப்போ அவரும் வந்தார். தோரணம், வாழைமரம் கட்டுறது, சப்பரம் ஜோடிக்கிறது, மூங்கிலை வளைச்சுக் காவடி செய்யறது, எல்லாம் அவருக்குக் கை வந்த கலை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னாடி என்னைப் பார்த்து, "தம்பி, ஒரு நாள் உட்காரு, சொல்லித் தர்றேன்" என்பார். நான் ஒவ்வொரு வருஷமும், "அடுத்த வருஷம் தாத்தா" என்பேன். கார் நிறுத்துற இடத்தைப் பார்க்கணும், அன்னதானத்துக்கு அரிசி வரணும், உபயகாரர் பட்டியல் அடிக்கணும். நான் பார்த்ததெல்லாம் வேலைதான், அதுல பொய் இல்ல. தாத்தா போய் மூணு வருஷம் ஆச்சு. அவர் சாவுக்குத் தோரணம் கட்ட ஆள் இல்லாம கடையில வாங்கினோம்.

இப்ப ஒரு வேற கதை. என் அக்கா மகன் அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல படிக்கிறான். போன விடுமுறையில ஒரு வீடியோ அனுப்பினான். முதல்ல பார்த்தப்போ ஏதோ சினிமா படப்பிடிப்புன்னு நெனைச்சேன். ஆயிரக்கணக்கான கூடாரம், கொடி, கவசம் போட்டு வாளும் கேடயமுமா சண்டை, பெண்கள் எல்லாம் தரையைத் தொடுற உடுப்பு. கேட்டா, அதுக்குப் பேரு பென்சிக் வார். ஐரோப்பாவோட மத்தியகாலத்தை, அதாவது நம்ம சோழர் காலம் தொட்டு மலாக்கா சுல்தான்கள் காலம் வரைக்கும்னு வெச்சுக்கலாம், அதைத் திரும்ப வாழ்ந்து பார்க்கிற ஒரு சங்கம் அங்க இருக்கு. சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்னு பேரு, 1966-இல் கலிபோர்னியாவில் ஆரம்பிச்சது. இந்தப் பெரிய கூட்டம் 1972 முதல் நடக்குது, இப்ப பென்சில்வேனியாவுல கூப்பர்ஸ் லேக்ங்கிற இடத்துல. ஜூலை கடைசி, ஆகஸ்ட்ல ரெண்டு வாரம். பத்தாயிரம் பேருக்கு மேல கூடாரம் போட்டுத் தங்குவாங்க. சண்டைக்கு வாள் எதுல செய்யறாங்க தெரியுமா? பிரம்பு! நம்ம பக்கத்துக் காட்டுல வெளையற பிரம்பு கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரனுக்கு வாளாகுது. நம்ம வாத்தியார்கள் அதை வேற வேலைக்குப் பயன்படுத்தினாங்க, அது தனிக் கதை.

என்னைப் பிடிச்சு இழுத்தது சண்டை இல்ல, அவன் காட்டின இன்னொரு காட்சி. ஒரு கூடாரத்துக்குள்ள பதினஞ்சு பேர் பெஞ்சுல உட்கார்ந்து, ஓட்டை போட்ட சின்னச் சின்ன அட்டைகள்ல நூலைக் கோத்து, அட்டையைத் திருப்பித் திருப்பி நாடா நெய்யறாங்க. ஒரு அம்மா சொல்லிக் கொடுக்கிறாங்க. பக்கத்துக் கூடாரத்துல தோல் செருப்பு தைக்கிற வகுப்பு. அதுக்கும் பக்கத்துல எழுத்து அலங்காரம், சாயம் காய்ச்சறது, ரொட்டி சுடறது, பூவேலைத் தையல். ரெண்டு வாரத்துல நூற்றுக்கணக்கான வகுப்புகள், பல்கலைக்கழகம்னே அதுக்குப் பேரு. சொல்லிக் கொடுக்கிறவங்களுக்குச் சம்பளம் கிடையாது. நூல், தோல் மாதிரி சாமானுக்கு மட்டும் காசு வாங்குவாங்களாம். நாடா சொல்லிக் கொடுத்த அம்மா மத்த நாள்ல ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்களாம். "மாமா, நானும் ஒரு முழம் நெஞ்சேன்" என்று காட்டினான். கோணல் மாணலா இருந்துச்சு. ஆனா அவன் முகத்துல இருந்த பெருமையை நான் அவன் பட்டம் வாங்கினப்போகூடப் பார்க்கல.

அவங்களுக்கு அது விளையாட்டு. ஞாயித்துக்கிழமை முடிஞ்சா உடுப்பைக் கழட்டி வெச்சிட்டு ஆபீசுக்குப் போயிடுவாங்க. தொடர்ச்சி எப்பவோ அறுந்து போச்சு, புத்தகத்தைப் பார்த்து, அருங்காட்சியகத்துத் துணியைப் பார்த்து முடிச்சுப் போடறாங்க. நமக்கு அப்படியில்ல. நம்ம கோயில்ல அதே காலத்து வேலை இன்னும் உயிரோட இருக்கு. பூத்தொடுக்கிறோம், கலசத்துக்கு நூல் சுத்துறோம், கோலம் போடறோம், தேர் ஜோடிக்கிறோம். நாம யாரும் வேஷம் போடல. அறுந்து போனதை அவங்க உட்கார்ந்து கத்துக்கிறாங்க, அறாததை நாம ஷாப்பியில வாங்குறோம்.

இன்னொண்ணு அக்கா மகன் சொன்னான், அது எனக்கு சுருக்குன்னு தைச்சது. அந்தச் சங்கத்துல பெரிய மரியாதைகள் சில உண்டு. நல்லா சண்டை போடறவங்களுக்கு ஒண்ணு, கைவேலையிலும் கலையிலும் தேர்ந்து மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கு ஒண்ணு, தொண்டு செய்யறவங்களுக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே தட்டு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ கிடையாது. நம்ம மேடையை நெனைச்சுப் பாருங்க. யாருக்குப் பொன்னாடை? ஒய்பிக்கு, நன்கொடை கொடுத்த முதலாளிக்கு, சிறப்பு விருந்தினருக்கு, சில சமயம் சிறப்பு விருந்தினரோட டிரைவருக்கும். நம்ம கோயில்ல முப்பது வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம அம்மனுக்கு மாலை கட்டுற ஆன்ட்டிக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பொன்னாடை போட்டிருக்கோமா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. அவங்க எதிர்பார்க்கலைங்கறது வேற விஷயம்.

விளையாட்டா செஞ்சாலும் கை பழகினா ஒரு நாள் உதவும். பிரான்ஸ்ல கெடெலோன்னு ஒரு இடம். 1997-இல் சில பேர் சேர்ந்து, பதிமூணாம் நூற்றாண்டு முறையில ஒரு கோட்டையைக் கட்ட ஆரம்பிச்சாங்க. கிரேன் கிடையாது, மின்சார ரம்பம் கிடையாது. கோடாலியால மரத்தைச் செதுக்கி, கல்லை உளியால உடைச்சு, சுண்ணாம்பு குழைச்சு. ஊரே சிரிச்சிருக்கும். 2019 ஏப்ரல்ல பாரிஸ் நோட்ரடாம் பேராலயக் கூரை எரிஞ்சதே, டிவியில பார்த்திருப்பீங்க. அதைப் பழையபடி கருவாலி மரத்துலயே, கோடாலியால செதுக்கித்தான் கட்டணும்னு முடிவு வந்தப்போ, அந்த வேலை தெரிஞ்ச கைகள் எங்க இருந்துச்சு? கெடெலோன்ல பழகின தச்சர்களும் அதுல வேலை செஞ்சாங்க. 2024 டிசம்பர்ல பேராலயம் மறுபடி திறந்தாங்க.

நமக்கும் அந்த நாள் வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வருது. சிற்பி தமிழ்நாட்டிலிருந்து வரணும், மேளக்காரர் வரணும், யாகசாலை வேலைக்கு ஆள் வரணும். ஒவ்வொரு தடவையும் பெர்மிட்டுக்கு மனு போட்டு, அலைஞ்சு, காத்திருக்கிறோம். கோபுரச் சிற்பம் ஒரு வாரத்துல கத்துக்கிற விஷயம் இல்ல, அதுக்கு மாமல்லபுரத்துல கல்லூரியே வெச்சு வருஷக்கணக்குல சொல்லித் தர்றாங்க. அதை விடுங்க. யாகசாலைக் குடத்துக்கு நூல் சுத்தறதுக்குமா விமானத்துல ஆள் வரணும்? ஒரு குடத்துக்குக் கட்டம் கட்டமா ஒரே சீரா நூல் சுத்தறது கொஞ்சம் பொறுமை இருந்தா நம்ம பிள்ளைகள் ஒரே நாள்ல கத்துக்குவாங்க. போன கும்பாபிஷேகத்துல அத்தனை குடத்தையும் ரெண்டே பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுத்தினாங்க. நாம அத்தனை பேரும் வேடிக்கை பார்த்துட்டு ஃபோட்டோ எடுத்தோம். நானும் எடுத்தேன்.

மலாக்கா மண்ணுல இருந்துக்கிட்டு இதைப் பேச நமக்கு ரொம்ப உரிமை இருக்கு. டவுனுக்குள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போயிருப்பீங்க, 1781-இல் எழுந்த கோயில். அது இருக்கிற தெருவோட பேரு ஜாலான் துக்காங் எமாஸ். தங்க வேலை செய்யறவங்க தெரு, நம்ம மொழியில சொன்னா தட்டார் தெரு. கிட்டத்துலயே ஜாலான் துக்காங் பெசி, அது கொல்லர் தெரு. 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமா அறிவிச்சப்போ நாம எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அந்தத் தெருப் பலகையில மட்டும் இன்னும் தட்டாரும் கொல்லரும் இருக்காங்க. தெருவுல இப்ப நெறைய காப்பிக் கடை.

காஜா பெராங்ல இருக்கிற செட்டி கிராமத்தையும் நெனைச்சுப் பாருங்க. சுல்தான்கள் காலத்துல இங்க வந்து வணிகம் செஞ்ச நம்ம ஆளுங்களோட வாரிசுகள். 1511-இல் போர்ச்சுகீசியர் வந்தாங்க, அப்புறம் டச்சுக்காரன், அப்புறம் வெள்ளைக்காரன். இத்தனைக்கும் நடுவுல தமிழ் அவங்க நாக்கை விட்டுப் போயிடுச்சு. வீட்டுல பேசறது மலாய். உடுப்பு, சாப்பாடு எல்லாம் பெரானாக்கான் பாணி. ஆனா போகிக்கு வாழையிலை போட்டு முன்னோர்களுக்குப் படைக்கிறது போகல, அவங்க பார்ச்சுன்னு சொல்வாங்க. பொங்கல் போகல. முத்துமாரியம்மனுக்கு வருஷா வருஷம் பத்து நாள் திருவிழா, அதை டத்தோ சாச்சார்னு சொல்வாங்க, அதுவும் போகல, காவடியும் போகல. பேருக்குப் பின்னாடி பிள்ளை, நாயக்கர் என்று இன்னும் இருக்கு. சில சமயம் நம்ம ஆளுங்க அவங்களைப் பார்த்து, "தமிழ் தெரியாத இந்து" என்று கேலி பேசறதைக் கேட்டிருக்கேன். எனக்கு அதைக் கேட்டா கோபம் வரும். நாக்கு மறந்ததைக் கை வெச்சிருந்து காப்பாத்தியிருக்கு. நாம தமிழ் நல்லா பேசறோம், தேவாரப் போட்டியில பரிசு வாங்குறோம், ஆனா ஒரு தோரணம் கட்டத் தெரியல.

ஓலை கிடைக்காதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஹரிராயாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பாசார்ல போய்ப் பாருங்க. மக்சிக்கள் வரிசையா உட்கார்ந்து கெத்துப்பாட் கூடு பின்னிக்கிட்டு இருப்பாங்க. அதே குருத்தோலைதான்! நம்ம தோரணத்துக்கு என்ன ஓலையோ அதேதான். ஒரு தடவை நின்னு பார்த்தேன், கையைப் பார்க்காமலே, என்கிட்டப் பேசிக்கிட்டே பின்னினாங்க. பக்கத்துல ஏழு வயசு பேத்தி ஒரு கூட்டை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கிட்டு இருந்தா. "தப்பாப் போனா ஓலை வீணாகாதா?" என்று கேட்டேன். "ஓலைதானே," என்றார் மக்சிக். எங்க கூட்டத்துல யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா அந்த ரெண்டு பையன்கள் இன்னிக்கும் கோயில்ல இருந்திருப்பாங்க. பாலித் தீவிலயும் நம்மைப் போல இந்துக்கள்தான், இதே ஓலையைத்தான் வெச்சு வீட்டு வாசல்ல, கோயில்ல, தினமும் சின்னத் தட்டு பின்னிப் பூ வெச்சுப் படைக்கிறாங்க. கலுங்கான் பண்டிகைக்குத் தெரு முழுக்க மூங்கில் வளைவு நட்டு ஓலையால ஜோடிப்பாங்க. அங்கேயும் இப்ப சந்தையில ரெடிமேட் தட்டு கிடைக்குதாம், வேலைக்குப் போற பெண்கள் வாங்குறாங்க. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதையும் ஓலையில, ஒருத்தரோட கை பின்னினதுதான்.

ஒரு எச்சரிக்கை. தென்னையோட நடுக்குருத்தை ஆழமா வெட்டினா மரமே போயிடும். அதனால யார் வீட்டு மரத்துலயும் பையன்களை ஏத்தி வெட்டச் சொல்லாதீங்க. விவரம் தெரிஞ்ச ஆள் வெட்டி வித்தா காசு கொடுத்து வாங்குவோம்.

இப்ப ஆட்சேபணைகளுக்கு வர்றேன். நான் சிலரிடம் வாய்விட்டுப் பேசினேன், அவங்க சொன்னதெல்லாம் நியாயமாவே இருந்துச்சு.

ஒரு அண்ணன் சொன்னார், "கோயில் சாமி கும்பிடற இடம், டியூஷன் சென்டர் இல்ல." அண்ணே, நாம திருவிழாவுல மூணு ராத்திரி மேடை போட்டு சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகளை ஆட விடறோம், அதிர்ஷ்டக் குலுக்கு நடத்துறோம், ரைஸ் குக்கர் பரிசு கொடுக்கிறோம். அதுக்கு இடம் இருக்குன்னா சாமிக்குச் சாத்தற மாலையைச் சாமி முன்னாடி உட்கார்ந்து கத்துக்க இடம் இருக்கக் கூடாதா? மேடையை நிறுத்தச் சொல்லல. பிள்ளைகள் ஆடட்டும். மூணு ராத்திரியில ஒரு சாயங்காலம் கொடுங்க.

இன்னொருத்தர், பெரியவர், கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊர்ப்பக்கம் பூத்தொடுக்கிறதுக்குன்னு பண்டாரம் இருந்தாங்க, மண்பானைக்குக் குயவர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள், யார் வேணும்னாலும் எதையும் தொட முடியாது என்று. அவர் சொன்னது வரலாறா இருக்கலாம். ஆனா நம்ம தோட்டத்துல என்ன நடந்துச்சு? கப்பல்ல வந்து இறங்கினப்போ கூட்டத்துல யாரு பண்டாரம், யாரு தச்சர்னு பார்த்தா கோயிலே எழும்பியிருக்காது. கங்காணியும் வெட்டுக்காரரும் சேர்ந்து அத்தாப்புக் கூரை போட்டு, சூலம் நட்டு, கையில கிடைச்ச பூவைத் தொடுத்துச் சாத்தினாங்க. அம்மன் வேண்டாம்னு சொல்லல. நான் சொன்ன தாத்தாவும் எந்தக் கலைக்கும் பொறந்தவர் இல்ல. பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டவர். இந்த விஷயத்துல எனக்குச் சமரசம் கிடையாது. வர்ற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளைன்னு யாரும் கேட்கக் கூடாது.

மூணாவது, இளைஞர் பக்கத்திலிருந்து வந்துச்சு. "வீடியோவுல எல்லாம் இருக்குண்ணே, வகுப்பு எதுக்கு?" தம்பி, அந்த வீடியோவாலதான் மூணு குருவி வந்துச்சு. வீடியோ மேல குத்தம் இல்ல. அது கையைக் காட்டும், உங்க கை தப்பாப் போறப்போ பிடிச்சு நிறுத்தாது. ஓலை குட்டையா இருந்தா என்ன பண்றதுன்னு அதுக்குத் தெரியாது, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குத் தெரியும். வாழைநாரை எவ்வளவு நனைக்கணும், எவ்வளவு இறுக்கினா மல்லிகைக் காம்பு ஒடியும், இறுக்கலேன்னா எப்ப உருவிக்கிட்டு விழும், இதெல்லாம் விரல் கத்துக்கிற கணக்கு. கேமரன் மலைச் சாமந்திக்கு ஒரு இறுக்கம், மல்லிகைக்கு வேற இறுக்கம். ஆனா ஒரு விஷயத்துல தம்பி சொல்றது சரி. நம்ம பெரியவங்க சொல்லிக் கொடுக்கிறப்போ எடுத்த உடனே திட்ட ஆரம்பிச்சிடறாங்க. "இதுகூடத் தெரியலையா?" என்று ஒரு கேள்வி போதும், பிள்ளை எழுந்து போயிடும். சொல்லிக் கொடுக்க வர்ற அங்க்கள், ஆன்ட்டி எல்லாருக்கும் கைகூப்பிக் கேட்டுக்கிறேன், அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்.

கோலத்தைப் பத்தி ஒரு சின்ன விஷயம், பெற்றோர்களுக்காக. "இதெல்லாம் கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது, கணக்குப் படிக்கட்டும்" என்று ஒரு அம்மா சொன்னாங்க. சிக்குக் கோலமே கணக்குதாம்மா. 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர் கூட இருந்தவங்களும் நம்ம அம்மாக்கள் வாசல்ல போடற கோலத்தைக் கணினி இலக்கணமா எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காங்க. நம்ம வாசல்ல இப்ப ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அதையும் போன தீபாவளிக்கு நான்தான் வாங்கி ஒட்டினேன், ஒத்துக்கிறேன்.

சரி, செலவு. பெரிசா ஒண்ணும் இல்ல. ஓலை, வாழைநார், உதிரிப்பூ, நூல்கண்டு, அரிசி மாவு. குடங்கள் கோயில் ஸ்டோர்ல இருக்கு. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போறப்போ தண்ணீர்ப் பந்தல் போட நம்ம ஆளுங்க கேட்காமலே கையில இருக்கிறதைக் கொடுக்கிறாங்க. இதுக்கு மட்டும் கொடுக்காமலா போயிடுவாங்க? முதல் தடவைச் சாமானை நான் வாங்கிடறேன்.

செயலவைக்கு என் வேண்டுகோள் ரெண்டு. பிளாஸ்டிக் தோரணத்துக்கு இன்னும் ஆர்டர் போகலைன்னா ஒரே ஒரு வருஷம் நிறுத்தி வைங்க. பிள்ளைகள் கட்டறது அடுத்த கொடியேற்றத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி பாட்டி கண்ணுக்குச் சரியா படலேன்னா, நானே போய் பிளாஸ்டிக் வாங்கி நானே ஏணி ஏறிக் கட்டுறேன். ரெண்டாவது, மாலை கட்டுற ஆன்ட்டிக்கு இந்த வருஷம் பொன்னாடை. அவங்க வேண்டாம்னு சொல்வாங்க. கேட்காதீங்க, போடுங்க.

அந்த ரெண்டு பையன்கள் வீட்டுக்கு நான் போன வாரம் போனேன். ஒருத்தன் வெளிய வரல. இன்னொருத்தன் வந்தான், தலை நிமிரல. நான் கொண்டுபோன ஓலையைக் கையில கொடுத்தேன். பாட்டி அனுப்பினதுன்னு சொன்னேன். உண்மைதான், அவங்கதான் அனுப்பினாங்க, அதுல ஒரு குருவி மட்டும் மடிச்சு, மீதி மூணை மடிக்காம விட்டு. அவங்க கை நடுங்குது, ஒண்ணுக்கு மேல முடியல. அவன் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எத்தனை மணிக்கு வரணும்ணே?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி, கோயில் பின்பக்கக் கொட்டகை. பாட்டி நாற்காலியில இருப்பாங்க, மாலை ஆன்ட்டி பூவோட வருவாங்க. சின்னக் கத்தி இருந்தா கொண்டு வாங்க, பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குக் கத்தி வேண்டாம், ஓலையை நாங்க கிழிச்சுத் தர்றோம். சாயாவும் கடலையும் உண்டு. மழை பெய்ஞ்சாலும் நடக்கும், கொட்டகையில இடது பக்கம் மட்டும் ஒழுகும்.